காயின் ஏறுது… இறங்க வழி இருக்கா?

"அண்ணே, புதுசா ஒரு காயின் வந்திருக்கு. நம்ம பசங்க எல்லாரும் வாங்கிட்டாங்க. இப்போ ஒரு பைசா கூட இல்ல, அடுத்த மாசம் எங்கேயோ போயிடும். லிங்க் அனுப்புறேன், சீக்கிரம் பாருங்க."

இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கலாம். அனுப்பியவர் மோசடிக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் உங்கள் மச்சானாக இருக்கலாம், கூடப் படித்த நண்பராக இருக்கலாம். நாலு காசு நமக்கும் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். தெரியாத எண்ணிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸை நாம் உடனே அழித்துவிடுகிறோம். தெரிந்தவர் சொன்னால் யோசிக்கிறோம். மீம் காயின்கள் ஓடுவதே இந்த நம்பிக்கையில்தான்.

மீம் காயின் என்றால் என்ன?

சமூக ஊடகங்களில் பரவும் வேடிக்கைப் படம், பிரபலமான தொடர், ஒரு வசனம், ஒரு விலங்கு என மக்கள் மனதில் ஏற்கெனவே இடம்பிடித்த ஏதாவது ஒன்றின் பெயரில் வெளியிடப்படும் கிரிப்டோ நாணயம்தான் மீம் காயின். இதற்குப் பின்னால் தொழிற்சாலையோ, வருமானமோ, வாடகையோ இருப்பதில்லை. அடுத்து வருபவர் அதிக விலை கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே இருக்கிறது.

இதில் முதலில் வந்தது டோஜ்காயின். 2013 டிசம்பரில் இரண்டு மென்பொருள் வல்லுநர்கள், ஒரு ஜப்பானிய நாயின் மீம் படத்தை வைத்து விளையாட்டாகத் தொடங்கியது. 2021 மே மாதம், தொழிலதிபர் எலான் மஸ்க் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றப் போகிறார் என்ற பரபரப்பில் அதன் விலை 70 சென்டைத் தாண்டியது. நிகழ்ச்சி ஒளிபரப்பான இரவிலேயே கடுமையாகச் சரிந்தது. அந்த ஆண்டு முடிவில் சுமார் 17 சென்ட். டோஜ்காயின் இன்றும் இருக்கிறது. ஆனால் உச்சத்தில் வாங்கியவருக்கு ஏழே மாதத்தில் முக்கால் பங்குப் பணம் போய்விட்டது. இதில் யாரும் ஏமாற்றக்கூட இல்லை. கூட்டத்தின் கவனம் வேறு பக்கம் திரும்பியது, அவ்வளவுதான்.

ஏமாற்றவே தொடங்கினால் என்ன ஆகும்?

2021 செப்டம்பரில் 'ஸ்க்விட் கேம்' என்ற தென்கொரியத் தொடர் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. கடனில் தவிக்கும் 456 பேர், 4,560 கோடி வோன் பரிசுக்காக உயிரைப் பணயம் வைத்து விளையாடும் கதை. உலகமே அதைப் பற்றிப் பேசியது. அடுத்த மாதமே அதே பெயரில் ஒரு காயின் வந்தது. நெட்ஃபிளிக்ஸுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடரில் வருவது போன்ற விளையாட்டுகளை இணையத்தில் நடத்துவோம், அதில் சேர இந்தக் காயின் வேண்டும் என்று சொன்னார்கள்.

சுமார் ஒரு சென்டில் தொடங்கிய விலை சில நாட்களில் சில டாலர்களாக ஏறியது. அந்த ஏற்றம் சர்வதேச ஊடகங்களில் செய்தியானது. செய்தியைப் பார்த்து இன்னும் பலர் வாங்கினார்கள். நவம்பர் 1 அன்று ஒரு காயின் 2,861 டாலரைத் தொட்டது. அன்றைய மதிப்பில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல். அடுத்த சில நிமிடங்களில் ஒரு சென்டுக்கும் கீழே விழுந்தது. நடத்தியவர்கள் சுமார் 33 லட்சம் டாலருடன், அதாவது ஏறத்தாழ 25 கோடி ரூபாயுடன், காணாமல் போனார்கள். இணையதளமும் மறைந்தது.

விலை அவ்வளவு வேகமாக ஏறியதற்கு முக்கியமான ஒரு காரணம் உண்டு. இந்தக் காயினை வாங்கலாம், ஆனால் பெரும்பாலானவர்களால் விற்க முடியவில்லை. விற்க வேண்டுமானால் இன்னொரு டோக்கன் வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். விற்பவரே இல்லாத சந்தையில் விலை ஏறாமல் என்ன செய்யும்? "தினமும் ஏறிக்கிட்டே இருக்கு" என்று மக்கள் மகிழ்ந்தது உண்மையில் ஓர் அபாய அறிகுறி. அதை அறிகுறியாகப் பார்த்தவர்கள் குறைவு.

நம்ம மனசு ஏன் மயங்குது?

பழகின பெயர்: நமக்குப் பிடித்த தொடரோ, மொழியோ, ஊர் அடையாளமோ பெயரில் இருந்தால் "நம்மளுது" என்ற உணர்வு வந்துவிடுகிறது. தொடர் நன்றாக இருந்ததால் காயினும் நன்றாக இருக்கும் என்று மனம் முடிச்சுப் போடுகிறது. குழுவில் ஒருவர் சந்தேகம் கேட்டால், "நம்மாளா இருந்துகிட்டு இப்படிப் பேசலாமா?" என்று அவரையே அடக்கிவிடுகிறார்கள்.

நாலு பேர் போகிற வழி: சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் ஒரு சோதனை நடத்தினார். எந்தக் கோடு நீளம் என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். ஆனால் கூட இருந்தவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, பலரும் தம் கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே சொன்னார்கள். கண்முன்னே இருக்கும் கோட்டுக்கே இப்படி என்றால், புரியாத காயின் விஷயத்தில் கேட்கவே வேண்டாம்.

ஜெயித்தவர் சத்தம்: லாபம் வந்தவர் ஸ்க்ரீன்ஷாட் போடுவார், ஸ்டேட்டஸ் வைப்பார். நஷ்டப்பட்டவர் வீட்டிலேயே சொல்ல மாட்டார். அதனால் நம் காதுக்கு வருவது ஜெயித்த கதை மட்டுமே.

மலிவு மயக்கம்: ஆயிரம் ரூபாய்க்கு லட்சம் காயின் கிடைக்கிறது என்றால் நிறைய கிடைத்தது போலத் தோன்றும். ஒரு பிட்சாவை எட்டாக வெட்டினாலும் எண்பதாக வெட்டினாலும் பிட்சா ஒன்றுதான்.

இதெல்லாம் புதிதும் அல்ல. 2012-ல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தது பலருக்கு நினைவிருக்கும். முதல் சில மாதம் பக்கத்துத் தோட்டக்காரருக்குப் பணம் வந்ததைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் ஏராளம். இன்று பக்கத்துத் தோட்டத்தின் இடத்தில் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் வந்திருக்கின்றன.

திரையில் 40 கோடி, கையில் 2 லட்சம்

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒருவர் 100 கோடி காயின்களை உருவாக்குகிறார். அதற்குச் சில நிமிடங்களும் கொஞ்சம் கட்டணமும் போதும். அதில் 10 லட்சம் காயினையும் 1 லட்சம் ரூபாயையும் ஒரு பொதுத் தொட்டியில் வைக்கிறார். வாங்குபவர் தொட்டியில் பணத்தைப் போட்டுக் காயினை எடுப்பார். விற்பவர் காயினைப் போட்டுப் பணத்தை எடுப்பார். தொட்டியில் இருக்கும் பணத்தைக் காயின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது விலை. இப்போது விலை 10 பைசா.

நீங்கள் 1 லட்சம் ரூபாய் போடுகிறீர்கள். இந்தச் சந்தைகளில் வழக்கமான சூத்திரப்படி உங்களுக்கு 5 லட்சம் காயின் வரும். தொட்டியில் இப்போது 2 லட்சம் ரூபாய், 5 லட்சம் காயின். விலை 40 பைசா! உங்கள் கைபேசித் திரையில் உங்கள் 1 லட்சம், 2 லட்சமாகத் தெரியும். 100 கோடி காயினையும் 40 பைசாவால் பெருக்கி, "மொத்த மதிப்பு 40 கோடி" என்று விளம்பரம் வரும். ஆனால் தொட்டியில் இருக்கும் மொத்தப் பணமே 2 லட்சம்தான். அதில் பாதி உங்களுடையது.

இப்போது உருவாக்கியவர் தன்னிடம் இருப்பதில் 45 லட்சம் காயினைத் தொட்டியில் கொட்டுகிறார். 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் அவர் கைக்குப் போகிறது. விலை அரைப் பைசாவுக்கும் கீழே. நீங்கள் விற்கப் போனால் 2,000 ரூபாய் கூடத் தேறாது. திரையில் தெரிவது விலை மட்டுமே. வெளியே வரும்போது நம் கையில் எவ்வளவு கிடைக்கும் என்பதை அது சொல்லாது.

சட்டம் என்ன சொல்கிறது?

கிரிப்டோ நாணயங்கள் இந்தியாவில் சட்டப்படி செல்லும் பணம் அல்ல. வங்கி வைப்புத்தொகைக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது. 2023 மார்ச் முதல், இந்தியாவில் சேவை வழங்கும் கிரிப்டோ தளங்கள் மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். தளம் பதிவானது என்பதால் அதில் விற்கும் காயின் நல்லது என்று பொருள் இல்லை.

பணம் போடும் முன் ஐந்து கேள்விகள்

1. இதை உருவாக்கியது யார்? சட்டப்படி பொறுப்பேற்கும் பெயரும் முகவரியும் இருக்கிறதா?

2. தொடர், நடிகர், நிறுவனத்தின் பெயர் இருந்தால், அவர்களே தங்கள் அதிகாரப்பூர்வ பக்கத்தில் அறிவித்திருக்கிறார்களா?

3. மொத்தக் காயினில் பெரும்பகுதி ஒரு சிலர் கையில் இருக்கிறதா?

4. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் விற்க முடியுமா? "பிறகு விற்கலாம்", "கட்டணம் கட்டினால் எடுக்கலாம்" என்றால் விலகிவிடுங்கள். நம்பவைப்பதற்காக முதலில் சின்னத் தொகையை எடுக்க விடுவதும் உண்டு.

5. கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ போடும் பணமா? அப்படியென்றால் வேண்டவே வேண்டாம்.

உங்கள் வாலெட்டின் 12 அல்லது 24 ரகசியச் சொற்களை யார் கேட்டாலும் தராதீர்கள். ஓடிபி போலத்தான் அதுவும்.

பணம் போயிடுச்சா?

வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் செய்யலாம். யுபிஐ அல்லது வங்கி வழியாகப் போன பணம் இன்னும் ஏதாவது கணக்கில் இருந்தால் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. காயினாக மாறி வெளிநாடு போய்விட்டால் மீட்பது மிகக் கடினம். அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பரிவர்த்தனை எண், ஸ்க்ரீன்ஷாட், குழுவின் பெயர், அனுப்பியவர் எண் எதையும் அழிக்காதீர்கள். "பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று அழைப்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அது இரண்டாவது மோசடி.

கடைசியாக ஒன்று. அந்த லிங்க்கை நீங்கள் வாங்காமல், "சும்மா தெரிஞ்சுக்கட்டும்" என்று தங்கச்சி வீட்டுக்காரருக்கு அனுப்பினாலும், காயினோடு சேர்ந்து போவது உங்கள் பெயர். அவர் அந்தக் காயினை நம்பி வாங்க மாட்டார், உங்களை நம்பித்தான் வாங்குவார். ஃபார்வர்டு பட்டனைத் தொடும் முன் அதை ஒரு நிமிடம் யோசியுங்கள்.