திடீரெனத் தள்ளாடும் வயதான நாய்... பக்கவாதம்தானா?

நேற்றுவரை வாலாட்டிய நாய், இன்று காலை நிற்க முடியாமல் விழுகிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கருவிழிகள் நிற்காமல் இங்கும் அங்கும் ஓடுகின்றன. வாந்தி வேறு. 'பக்கவாதம் வந்துடுச்சு, இனி தேறாது. ஊசி போட்டு அனுப்பிடலாம்' என்று சிலர் அன்றே முடிவெடுத்துவிடுகிறார்கள். அவசரப்படாதீங்க!

உடலின் சமநிலையைக் காக்கும் உள்காது அமைப்பு, வயதான நாய்களுக்குத் திடீரெனத் தடுமாறுவதுண்டு. 'வெஸ்டிபுலர்' பாதிப்பு என்பார்கள். காரணம் தெரியாமல் வரும் இது, பெரும்பாலும் 2, 3 நாள்களில் தேறத் தொடங்கி, 2, 3 வாரங்களில் சரியாகிவிடும். சில நாய்களுக்குத் தலைச்சாய்வு மட்டும் மிஞ்சும். காதுத் தொற்றாலும் மூளைக் கட்டியாலும் இதே அறிகுறிகள் வரலாம் என்பதால், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வீட்டில், வழுக்கும் டைல்ஸ் மீது கோணிப்பை விரியுங்கள். படிக்கட்டை அடைத்துவிடுங்கள். தண்ணீரையும் சாப்பாட்டையும் வாயருகே கொண்டுபோங்கள். சிறுநீர் கழிக்க அழைத்துப்போகும்போது, வயிற்றுக்கு அடியில் துண்டு கொடுத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். நாம் சாப்பிடும் தலைசுற்றல் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீங்க. வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ, 3 நாள்களில் முன்னேற்றமே இல்லையென்றாலோ மீண்டும் மருத்துவரிடம் ஓடுங்கள்.

அதற்கு உலகமே சுற்றுவதுபோல இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்க. முதல் நாள் கோலத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.