வயிற்று வலிக்கு டின்னில் கிடக்கும் கேப்சூலா?

தோட்டத்தில் ஒருவருக்கு வயிற்று வலி என்றால் முதலில் விளக்கெண்ணெய் தடவுவார்கள், ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். அதில் நமக்குச் சண்டை இல்லை. அதற்கும் அடங்காவிட்டால் அலமாரி மேலிருக்கும் பிஸ்கட் டின் இறங்கும். மூத்தவனுக்குத் தொண்டை வலி வந்தபோது கிளினிக்கில் கொடுத்த அன்டிபயோட்டிக் கேப்சூலில் மிச்சம் நாலு அதில் கிடக்கும். "இதப் போட்டுக்கிட்டுப் படுங்க, காலையில சரியாப் போயிடும்." சில சமயம் வலி குறையவும் செய்யும். ஆளும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நம் குடலுக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. உள்ளே இருக்கும்வரை தொல்லை இல்லை. குடல்வால் வீங்கி வெடித்தாலோ, குடற்புண் ஓட்டை விழுந்தாலோ, அவை வயிற்றறைக்குள் கொட்டிவிடும். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். காய்ச்சல், வாந்தி, பலகைபோல் இறுகிய வயிறு, நடந்தாலே உயிர் போகும் வலி. இந்த நிலையில் கேப்சூல் மட்டும் காப்பாற்றாது. ஓட்டையை அடைத்து, சீழை வெளியேற்றி, ஊசி வழியாக மருந்தும் ஏற்ற வேண்டும்.

அந்த ஊசி மருந்துக்கும் கிருமி சாகவில்லை என்றால்?

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் அஞ்சுவது இதைத்தான். செம்பனைக் காட்டில் மருந்து அடிக்கும் நம் பெண்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஒரே களைக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்தால் இளைத்த புல் கருகும், முரட்டுப் புல் தப்பி விதை போடும். கிளைபோசேட்டுக்கு மசியாத சம்பாவ் புல் 1997-லேயே நம் நாட்டில் கண்டறியப்பட்டது. குடலிலும் அதே கதைதான். தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு கேப்சூலுக்கும் இளைத்த கிருமி சாகும், முரட்டுக் கிருமி பெருகும். புல்லுக்கு இல்லாத கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இதற்கு உண்டு: ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் மருந்தை முறிக்கும் வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும்.

பென்சிலினை 1928-ல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே அரைகுறையாக மருந்து சாப்பிடுவதன் ஆபத்தை எச்சரித்தார். யார் கேட்டார்கள்? சாதாரண மருந்து தோற்றால் மெரொபெனம் ஏற்றுகிறார்கள். அதுவும் தோற்றால் கையிருப்பில் உள்ள சிலவற்றில் ஒன்று கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து. அதைத்தான் கோழிக்கும் பன்றிக்கும் தீனியில் கலந்து வந்தார்கள்! மலேசியாவில் 2019 ஜனவரியில் அதற்குத் தடை வந்தது.

"அப்படின்னா எத்தன நாள் சாப்பிடணும்?" என்று கேட்பீர்கள். வயிற்றுச் சீழ் நோயாளிகள் 518 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. சீழை ஒழுங்காக அகற்றியபின் நாலு நாள் மருந்தே எட்டு நாள் மருந்துக்கு ஈடாக இருந்தது. ஆகவே டாக்டர் சீக்கிரம் நிறுத்தினால் "அரைகுறையா வுட்டுட்டாரு" என்று கோபிக்க வேண்டாம். நாளைக் கணக்கிட வேண்டியவர் அவர். வலி நின்றதும் நாமே நிறுத்தி, மிச்சத்தை டின்னில் போடுவதுதான் கூடாது.

வயிற்று வலியோடு காய்ச்சலும் வந்தால் பேதி மருந்து கொடுக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அறுவை தேவைப்படலாம், வழியில் கஞ்சியோ காப்பியோ வேண்டாம். கடந்த மூன்று மாதத்தில் என்ன அன்டிபயோட்டிக் சாப்பிட்டார், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாரா என்பதைக் கேட்குமுன்பே சொல்லிவிடுங்கள். எந்த மருந்தை ஏற்றுவது என்று டாக்டர் முடிவு செய்ய அது உதவும். பேர் தெரியாவிட்டால் என்ன, டின்னிலிருக்கும் அந்த மருந்து அட்டையைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள்.