பசுமையான வயலும் எடை குறைந்த மூட்டையும்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஹரியானா மாநிலம் கர்னால் மாவட்டத்தில் உள்ள கிளை ஒன்றில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பயிர்க் கடனைச் செலுத்த வந்த மூத்த விவசாயி ஒருவர் ஒரு கைப்பிடி கோதுமையை என் மேசைமீது பரப்பினார். மணிகள் மெலிந்து, தோல் சுருங்கியிருந்தன. "மேனேஜர் சாஹிப், பூச்சி இல்லை, நோய் இல்லை, தண்ணீருக்கும் குறைவில்லை. வயல் பச்சைப்பசேலென்றுதான் இருந்தது. மூட்டையில் மட்டும் எடை இல்லை" என்றார். வணிகவியல் பட்டதாரியான எனக்கு அன்று விடை தெரியவில்லை. வேளாண் அலுவலர்களிடம் கேட்டறிந்ததையும் பின்னர் படித்தறிந்ததையும் வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த மார்ச் மாதம், 1901ஆம் ஆண்டு முதல் பதிவான மார்ச் மாதங்களிலேயே நாட்டில் மிக வெப்பமானது. பிப்ரவரியில் 11.13 கோடி டன் என மதிப்பிடப்பட்ட கோதுமை உற்பத்தி, மே மாத மதிப்பீட்டில் 10.64 கோடி டன்னாகக் குறைந்தது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் அரசுக் கொள்முதலுக்கான சுருங்கிய, உடைந்த மணிகளின் வரம்பு 6 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது.

இலையில் நிகழ்வது

இலையின் நுண்ணிய துளைகள் வழியாகவே பயிர் கரியமில வாயுவை உள்வாங்கி உணவு தயாரிக்கிறது. அதே துளைகள் வழியாக நீர் ஆவியாகி வெளியேறுவதால் இலை குளிர்கிறது. மண்ணில் ஈரம் குறையும்போது அப்சிசிக் அமிலம் என்னும் வளர்ச்சிப் பொருள் பயிரில் பெருகித் துளைகளை மூடச் செய்கிறது. நீர் மிச்சமாகிறது, ஆனால் உணவுத் தயாரிப்பு குறைந்து, இலையின் வெப்பமும் ஏறுகிறது. செலவைக் குறைப்பதற்காகக் கடையை அடைத்தால் வரவும் நின்றுபோவதைப் போன்றது இது.

மணியில் நிகழ்வது

நீர் போதுமான அளவு இருந்தாலும் வெப்பம் வேறொரு வழியில் தாக்குகிறது. கோதுமை மணியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மாவுச்சத்து. கதிர் பால் பிடித்து முற்றும் காலத்தில், இலை தயாரிக்கும் சர்க்கரையும் தண்டில் சேமிக்கப்பட்ட சர்க்கரையும் மணியைச் சென்றடைந்து மாவுச்சத்தாக மாறுகின்றன. வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால், இம்மாற்றத்தை நிகழ்த்தும் நொதிகள் தளர்கின்றன. பயிரின் சுவாசம் கூடுவதால் சர்க்கரையின் ஒரு பகுதி அங்கேயே செலவாகிறது. இலைகளும் விரைவில் பழுக்கின்றன. மணி நிரம்புவதற்கான நாட்களைக் குறைத்துக்கொண்டு, பயிர் விரைந்து முற்றிவிடுகிறது.

பயிரின் நோக்கில் இது தோல்வியன்று. முளைக்கக்கூடிய விதை உருவாகிவிட்டால் அதன் கடமை முடிந்தது. எடை என்பது நமது தேவை. எனவே, வயலைப் பார்த்து மட்டும் இந்த இழப்பை அறிய இயலாது. தராசில்தான் அறிய முடியும்.

விவசாயியின் கணக்கில் நிகழ்வது

விதை, உரம், கூலி ஆகிய செலவுகள் பெரும்பாலும் முடிந்த பின்னரே இந்த இழப்பு நேர்கிறது. எடுத்துக்காட்டாக, 100 ரூபாய் வருவாயில் 70 ரூபாய் செலவு எனக் கொள்வோம். இலாபம் 30 ரூபாய். விளைச்சல் 10 சதவீதம் குறைந்து, விலை மாறாதிருந்தால் வருவாய் 90 ரூபாய். செலவு குறையாததால் இலாபம் 20 ரூபாய். அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு இழப்பு, இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு இழப்பாகிறது.

இதற்கு முன்னேற்பாடுகள் உண்டு. உரிய காலத்தில் விதைத்தால், கடும் வெப்பம் தொடங்குமுன் மணி நிரம்பிவிடும். வெப்பம் ஏறும் நாட்களில், காற்று குறைந்த மாலை வேளையில் இலேசாக நீர் பாய்ச்சுவது பயிரைக் குளிர்விக்கும். பலத்த காற்றில் பாய்ச்சினால் பயிர் சாய்ந்துவிடும். வெப்பத்தைத் தாங்கும் இரகங்களைப் பற்றி வேளாண் துறையினரிடம் கேட்டறியலாம்.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ள மாநிலங்களில், ராபி பருவ உணவுப் பயிர்களுக்கு விவசாயி செலுத்த வேண்டிய பிரீமியம், காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 1.5 சதவீதம். அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சல், வரையறுக்கப்பட்ட அளவுக்குக் கீழே சென்றால் இழப்பீடு கணக்கிடப்படும். கடன் பெற்றவர்களுக்கும் இத்திட்டம் இப்போது விருப்பத்திற்குரியது. வேண்டாம் என எழுதிக் கொடுக்குமுன் மேற்கண்ட கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். வயலில் உள்ள பயிரும் வங்கிப் பதிவில் உள்ள பயிரும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் கடைசித் தேதிக்கு முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த விவசாயி கடனை உரிய நாளுக்குள் செலுத்தி, வட்டிச் சலுகையையும் காத்துக்கொண்டார். ஆயினும், அத்தொகையின் ஒரு பகுதியை அடுத்த விதைப்புக்கென வைத்திருந்த சேமிப்பிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு அவருடைய கோதுமையும் தண்டில் இருந்த சேமிப்பை எடுத்தே மணியை முற்றச் செய்தது.