மாடு, பசு, ஆவு: ஒரு பெயரின் வரலாறு

சித்தூரிலிருந்து திருப்பதி வரையுள்ள சிற்றூர்களில் தமிழும் தெலுங்கும் ஒரே தொழுவத்தில் வழங்கி வருகின்றன. வட ஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் ஜில்லாக்களின் பகுதிகளைக் கொண்டு 1911ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சித்தூர் ஜில்லா, 1953இல் ஆந்திர இராஜ்யத்தைச் சேர்ந்தது. 1960இல் அதன் திருத்தணிப் பகுதி சென்னை இராஜ்யத்துக்கு மாற்றப்பட்டது. எல்லைகள் இவ்வாறு மாறினும் கால்நடைகளின் பெயர்களிலே பழைய உறவு புலப்படுகின்றது. தமிழில் 'ஆ' எனப்படுவது தெலுங்கில் 'ஆவு'. நமது 'எருது' தெலுங்கிலும் கன்னடத்திலும் 'எத்து' என வழங்கும். தெலுங்கில் மட்டும் தகரத்தை மெலித்து ஒலிப்பர். 'எருமை'யை இராயலசீமைக் குடியானவர் 'எனுமு' என்பர். ஒரு மொழி மற்றொன்றிடம் கடன் வாங்கியதன்று இது. மூலத் திராவிட மொழி பேசியோர் இப்பிராணிகளை நன்கறிந்திருந்தனர் என்பதே இதனாற் பெறப்படும்.

'ஆ' என்பது முற்காலத்தில் பசு ஒன்றையே குறித்ததன்று. பெற்றம், எருமை, மரை ஆகிய மூன்றின் பெண்பாலுக்கும் அப்பெயரைத் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கின்றது. 'மாடு' என்ற சொல்லின் போக்கு இன்னும் சுவையுடையது. திருக்குறளின் 400ஆம் குறளில் அச்சொல் செல்வம் என்னும் பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. இன்றோ, செல்வம் என்ற பொருள் அகராதியிலும் உரைகளிலும் மட்டுமே எஞ்சி நிற்க, தொழுவத்தில் நிற்பது மாடு ஆயிற்று.

பிற நாட்டாரும் இவ்வாறே எண்ணினர். வடமொழிப் 'பசு'வுக்கு இனமான இலத்தீன் சொல் 'பெக்கு'. அதிலிருந்தே பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' பிறந்தது. ஆங்கிலத்தில் கட்டணத்தைக் குறிக்கும் 'ஃபீ' என்ற சொல்லோடும் இதே மூலத்தைச் சார்ந்த பழைய கால்நடைச் சொல் தொடர்புடையது. கால்நடையே முதலிற் செல்வமாயிருந்து பின்னர் பணத்துக்குப் பெயராயிற்று என்பது நெடுங்காலம் நிலவிய கொள்கை. பிரெஞ்சு மொழியறிஞர் எமீல் பென்வெனிஸ்த் 1969இல் வெளியிட்ட நூலில் இதனைத் தலைகீழாக்கினார்: முதற்பொருள் அசையும் சொத்து என்பதே, பிராணி என்னும் பொருள் பிற்பட்டது என்றார். ஆங்கிலக் 'கேட்டில்' என்ற சொல் அவ்வழியே சென்றதில் ஐயமில்லை. அது மூலதனத்தைக் குறிக்கும் 'கேப்பிடல்' என்பதன் உடன்பிறப்பு. நமது 'மாடு' எவ்வழிச் சென்றது என்பதை ஆராய்வோர் இவ்விரு கருத்தையும் நோக்குதல் வேண்டும்.

இதெல்லாம் புலவர்க்குரிய வாதம் என்று ஒதுக்கிவிடலாகாது. தெலுங்கில் 'பசுவுலு' என்றால் பசு, காளை, எருமை யாவும் அடங்கும். வடமொழியின் விரிந்த பொருளை அம்மொழி பெரிதும் காத்துள்ளது. தமிழிலோ அதே சொல் சுருங்கிக் கறவைப் பசுவை மட்டும் குறிக்கின்றது. தடுப்பூசி பற்றிய தெலுங்கு அறிவிப்பொன்றை எல்லையோரத் தமிழ்க் குடியானவருக்கு மொழிபெயர்ப்பவர் 'பசுக்களுக்கு' என்று எழுதிவிட்டால், எருமையும் உழவு எருதும் ஊசியின்றித் தொழுவத்தில் நின்றுவிடும். 'கால்நடைகள்' என்பதே அவ்விடத்துக்குப் பொருந்தும். ஒலி ஒன்றாயிருப்பது மொழிபெயர்ப்பாளனுக்கு எப்போதும் உதவியன்று!

நோயின் பெயரிலும் இவ்விடர் உண்டு. வாயிலும் குளம்பிலும் புண் உண்டாக்கும் நோயைத் தெலுங்கர் 'காலிகுண்டு' என்பர். தமிழில் அது 'கோமாரி'. பெயரின் முன்னே 'கோ' நிற்பதால், அது பசுவுக்கே உரிய நோய் என்று எண்ண இடமுண்டு. உண்மையில் எருமை, ஆடு, பன்றி ஆகிய பிளவுக் குளம்புடைய பிராணிகள் யாவற்றையும் அந்நோய்க் கிருமி தாக்கும். பசுவுக்கு மட்டும் ஊசி போட்டு அருகிலுள்ள எருமையை விட்டுவிட்டால் நோய் பரவும் வழி அடைபடாது. 2019இல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் மாடு, எருமை, செம்மறி ஆடு, வெள்ளாடு, பன்றி ஆகியவற்றைப் பெயர் கூறிச் சேர்த்துக்கொண்டதன் காரணம் இதுவே.

இனி, இப்பகுதியின் ஊர் ஒன்று உலகுக்கு அளித்த பெயரையும் கூறவேண்டும். சித்தூர்ப் பகுதியைச் சேர்ந்த புங்கனூரின் பெயரால் வழங்கும் சிற்றினப் பசு ஏறக்குறைய 3 அடி உயரமே உடையது. அற்பத் தீவனத்தில் வாழும். கொழுப்பு மிகுந்த பாலைத் தரும். பலமனேர்க் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தைப் பேணி வந்துள்ளது. அந்நிலையம், 2005இல் திருப்பதியில் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவர கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. எண்ணிக்கை அருகிய இவ்வினத்துக்கு அண்மையில் கிராக்கி பெருகியுள்ளது. குள்ளமான மாடு யாவும் புங்கனூர் ஆகிவிடா. உடல் அமைப்பையும் கால்வழியையும் கொண்டே இனம் தீர்மானிக்கப்படுகின்றது; வாங்குவோர் விற்பவர் கூறும் பெயரைக் கேட்பதோடு அமையாமல், தாய் தந்தையரின் பதிவையும் கால்நடை மருத்துவரின் சான்றையும் கேட்டுப் பெறுதல் வேண்டும்.