பேக்கப் பார்க்காத படம்

ஒரு வீட்டுக் கணினியில் 40,000 படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவில் தானாக ஓடும் பேக்கப், சில நிமிடங்களில் வேலையை முடித்து, பச்சை நிற டிக் ஒன்றைக் காட்டிவிட்டு அடங்கிவிடுகிறது. அத்தனை படங்களையும் அதற்குள் எப்படிப் பார்த்தது? பார்க்கவே இல்லை. பெரும்பாலான பேக்கப் மென்பொருள்கள் படத்தைத் திறப்பதில்லை. கோப்பின் பெயர், அளவு, கடைசியாகத் திருத்திய நேரம் ஆகியவற்றை முந்தைய நகலோடு ஒப்பிடுகின்றன. 1996இல் வந்து இன்றும் உலகெங்கும் ஓடும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருள்கூட, வேறுவிதமாகச் சொல்லாதவரை இப்படித்தான் செய்யும். கடிதத்தைப் பிரிக்காமல் உறையை மட்டும் பார்த்து அடுக்குகிற வேலை இது. இந்த உத்தி இல்லாவிட்டால் தினசரி பேக்கப் இவ்வளவு சீக்கிரம் முடியாது. தினமும் மொத்தப் படங்களையும் படிக்க ஆரம்பித்தால் அதற்கே நெடுநேரம் பிடிக்கும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 'மாறியிருக்கிறதா?' என்று மட்டுமே இந்த முறைக்குக் கேட்கத் தெரியும். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்கத் தெரியாது. வீட்டுப் படங்கள் தொலைகிற கதைகளில் பல இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் நடக்கின்றன.

ஜேபெக் படம் ஒன்றின் உள்ளே போய்ப் பார்ப்போம். படம் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் சராசரி வெளிச்சமும் முழுதாக எழுதப்படுவதில்லை; முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பது மட்டுமே பதிவாகிறது. அந்த எண்களும் நீளம் ஒன்றாக இல்லாத குறியீடுகளில், நடுவில் இடைவெளியே இல்லாமல் ஓடுகின்றன. இவ்வளவு நெருக்கி எழுதுவதால்தான் ஒரு படம் சில எம்பிக்குள் அடங்குகிறது. நடுவில் ஒரே ஒரு பிட் 0விலிருந்து 1ஆக மாறினால் போதும், ஒரு குறியீடு எங்கே முடிகிறது என்பதே தவறிப்போய், அங்கிருந்து கீழே முழுவதும் நிறம் திரிந்தோ பக்கவாட்டில் நழுவியோ போகலாம். கல்யாணப் படத்தில் முகங்கள் சரியாக இருக்கும். கழுத்துக்குக் கீழே எல்லாம் ஒரே ஊதாவாக இருக்கும்.

ஹார்ட் டிஸ்க்கே பிழைதிருத்தக் குறியீடுகளோடுதான் வருகிறது என்பதால் இப்படி நடப்பது அரிது. ஆனால் பழுதான கேபிளோ நினைவகமோ வழியில் இதைச் செய்துவிட முடியும். அப்படிக் கெடும்போது கோப்பின் அளவோ நேரமோ மாறாமலே இருக்கக்கூடும். அந்நிலையில் பேக்கப்புக்கு ஒன்றும் தெரியாது. நேற்றைய நல்ல நகல் அப்படியே பிழைத்துக்கிடக்கும் என்பது ஓர் அதிர்ஷ்டம். ஆனால் அடுத்த முறை புது டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் மாற்றும்போது, போய்ச் சேருவது கெட்ட படம்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கினால் நிலைமை தலைகீழ். அங்கே எல்லாக் கோப்புகளும் உண்மையிலேயே மாறிவிடுகின்றன. பேக்கப் தன் கடமையில் சிறிதும் தவறாமல், பூட்டப்பட்ட படங்களை நல்ல நகல்களின் மேல் எழுதிவிடும். பழைய பதிப்புகளைச் சேர்த்துவைக்கும் பேக்கப்தான் இங்கே உதவும். கிளவுட் ஒத்திசைவுக்கும் இதே குணம்தான்: ஃபோனில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். அதன்பின் கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டியில் 60 நாள், ஐகிளவுடில் 30 நாள், அவ்வளவுதான் அவகாசம். ஒத்திசைவை பேக்கப் என்று நம்பியிருப்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்களுக்கு இன்னொரு சிக்கல். 'பொங்கல்' என்பதில் உள்ள 'பொ'வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடலாம். அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியே இடலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. யுடிஎஃப்-8 முறையில் அந்தக் குறி மட்டும் முதல் விதத்தில் 3 பைட், இரண்டாவதில் 6 பைட். மேக்கின் பழைய கோப்பு அமைப்பான ஹெச்எஃப்எஸ் பிளஸ் எப்போதும் பிரித்தே எழுதிவைக்கும். லினக்ஸ் பைட்டுகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஓடும் பேக்கப்பில், ஒரே பெயரில் இரண்டு பொங்கல் ஃபோல்டர்கள் முளைக்கலாம். எதில் எல்லாப் படங்களும் இருக்கின்றன என்று கண்ணால் சொல்ல முடியாது.

பெரிய இடங்களும் தப்பியதில்லை. 1998இல் பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் அழியத் தொடங்கின. பேக்கப்பிலிருந்து மீட்கப் போனபோதுதான் அது பல நாட்களாகச் சரியாக வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த நகல்தான் கைகொடுத்தது.

'நன்றாக இருக்கிறதா?' என்ற கேள்விக்கும் வழி இருக்கிறது. எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கு, எவ்வளவு பெரிய படத்தையும் 64 எழுத்துகளாகச் சுருக்கித் தரும். படத்தில் ஒரு பிட் மாறினாலும் அந்த 64 எழுத்து வரிசை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். படம் நன்றாக இருக்கும்போதே இதைக் குறித்துவைத்தால், பல வருடம் கழித்தும் ஒப்பிடலாம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், மேக்கின் ஏபிஎஃப்எஸ் இரண்டும் படத்தின் உள்ளடக்கத்துக்கு இத்தகைய சோதனைக் குறியைத் தாமாக வைப்பதில்லை. தனி மென்பொருள்தான் வைக்க வேண்டும்.

அது இல்லாதவர்கள், பேக்கப்பிலிருந்து ஒரு பழைய ஆல்பத்தை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பார்க்கலாம். சிறுபடங்கள் வரிசையாகத் தெரிவதை நம்ப வேண்டாம். பல கேமராக்கள் அந்தச் சிறுபடத்தைக் கோப்பின் தலைப்பகுதியில் தனியாக எழுதுகின்றன. பெரிய படம் பாதியில் கெட்டிருந்தாலும் சிறுபடம் பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றையும் முழு அளவில் திறந்து, கீழ் ஓரம் வரை பாருங்கள்.