போனது எத்தனை? மீதி எத்தனை?



முழு ஆண்டு விடுமுறையில் ஒருநாள், என் பேரக் குழந்தைகள் நால்வரையும் அழைத்துக்கொண்டு கடலூர் முதுநகரில் ரயில் ஏறினேன். சிதம்பரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பயணம். ஆலப்பாக்கம் வருவதற்குள் நால்வரும் சீட்டுக்கட்டைப் பிரித்து 'கழுதை' விளையாட ஆரம்பித்துவிட்டார்கள்.

கழுதை ஆட்டம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். 52 சீட்டு, நான்கு பேர், ஆளுக்கு 13. ஒருவர் இஸ்பேட் போட்டால் மற்றவர்களும் இஸ்பேட்தான் போட வேண்டும். ஒருவர் கையில் இஸ்பேட் இல்லையென்றால் வேறு சீட்டைப் போட்டு 'வெட்டு' என்பார். அதுவரை பெரிய சீட்டுப் போட்டவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசி வரை சீட்டு வைத்திருப்பவர்தான் கழுதை!

சிறிது நேரத்தில் என் கடைசிப் பேத்தி கிசுகிசுப்பாக என்னிடம் சொன்னாள்: "தாத்தா, நான் இப்போ இஸ்பேட் போட மாட்டேன். ரெண்டு சுத்து போயிடுச்சு. அப்படின்னா எட்டு இஸ்பேட் போச்சு. என் கையில நாலு இருக்கு. மீதி ஒண்ணே ஒண்ணுதான்! நான் போட்டா கண்டிப்பா வெட்டு விழும்."

எனக்கு ஒரே ஆச்சரியம். அவள் அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்க்கவில்லை. போனதை எண்ணினாள், மீதியைத் தெரிந்துகொண்டாள். அவ்வளவுதான்!

இதே கணக்கை வைத்து, ஒரு கணித ஆசிரியர் அமெரிக்காவின் பெரிய பெரிய சூதாட்ட விடுதிகளையே நடுங்க வைத்தார். அவரைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஐஸ்கிரீம் வென்ற சிறுவன்

அவர் பெயர் எட்வர்ட் தோர்ப். 1932-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தவர். வேலை கிடைப்பதே அரிதாக இருந்த வறுமைக் காலம் அது.

சிறுவன் தோர்ப்புக்கு மனக்கணக்கு என்றால் உயிர். பக்கத்து மளிகைக் கடைக்காரர் கூட்டல் இயந்திரத்தில் விலைகளைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே, இவன் மொத்தத் தொகையைச் சொல்லிவிடுவானாம். "இயந்திரத்தை நீ முந்தினால் உனக்கு ஐஸ்கிரீம்" என்றார் கடைக்காரர். முந்தினான்; ஐஸ்கிரீமும் சாப்பிட்டான்!

வளர்ந்து, 1958-இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் மனைவியுடன் லாஸ் வேகாஸ் நகருக்குச் சென்றார். சூதாட்ட விடுதிகள் நிறைந்த ஊர் அது. அங்கே 'பிளாக்ஜாக்' என்ற சீட்டாட்டம் மிகவும் பிரபலம்.

அந்த ஆட்டம் இதுதான்: உங்கள் சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐ நெருங்க வேண்டும், தாண்டினால் தோல்வி. உங்களுக்கு எதிராக ஆடுபவர் விடுதியின் ஊழியர். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் "போதும்" என்று நிறுத்தலாம். ஊழியருக்கு அந்த உரிமை கிடையாது. அவர் கையில் 16 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் கட்டாயம் இன்னொரு சீட்டு எடுத்தே ஆக வேண்டும்.

தோர்ப் 10 டாலருடன் உட்கார்ந்தார். எட்டரை டாலரைத் தோற்றார்! ஆனால் எழுந்து வரும்போது அவர் மனத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'கட்டிலிருந்து சீட்டுகள் போகப் போக, மீதிக் கட்டு மாறிக்கொண்டே இருக்கிறதே. அதை யாராவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா?'

அறை அளவு கம்ப்யூட்டர்

அடுத்த ஆண்டு அவர் புகழ்பெற்ற எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார. அங்கே ஐ.பி.எம். 704 என்ற கம்ப்யூட்டர் இருந்தது. இன்றைய கம்ப்யூட்டர் போல மேசையில் வைப்பது அல்ல. ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும்! அதற்குக் கட்டளை எழுதும் முறையைத் தோர்ப் தாமே கற்றுக்கொண்டார். 'இந்தச் சீட்டு போய்விட்டால் என்ன ஆகும்? அந்தச் சீட்டு போய்விட்டால் என்ன ஆகும்?' என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட வைத்தார்.

விடை வந்தது. கட்டில் உள்ள நான்கு 5-களும் போய்விட்டால், ஆட்டம் விடுதியின் பக்கத்திலிருந்து ஆடுபவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது! 100 டாலர் பந்தயத்துக்குச் சராசரியாக சுமார் 3 டாலர் லாபம்.

ஏன் 5? நீங்களே யோசித்துப் பாருங்கள். ஊழியர் கையில் 12 இருக்கிறது. ஒரு 5 வந்தால் 17. கையில் 16 இருந்தால் 5 வந்து 21! 12 முதல் 16 வரை எந்த இக்கட்டில் மாட்டினாலும் அவரைக் காப்பாற்றும் சீட்டு 5. அது தீர்ந்துவிட்டால் அவர் 21-ஐத் தாண்டித் தோற்கும் வாய்ப்பு கூடுகிறது.

இந்தக் கண்டுபிடிப்பைத் தோர்ப் 1961-ஆம் ஆண்டு ஓர் அறிவியல் இதழில் வெளியிட்டார். அதே ஆண்டு, பணக்காரர் இருவர் தந்த 10,000 டாலருடன் விடுதிகளில் ஆடிப் பார்த்தார். அது இரண்டு மடங்குக்கு மேல் ஆனது! 1962-இல் இதைப் புத்தகமாகவும் எழுதினார்.

விடுதிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1964-இல் ஆட்ட விதிகளையே மாற்றினார்கள். ஆட வருவோர் குறைந்ததும் பழைய விதிகளுக்குத் திரும்பினார்கள். பிறகு, ஒரு கட்டுக்குப் பதிலாகப் பல கட்டுகளைக் கலந்தார்கள், அடிக்கடி குலுக்கினார்கள். எண்ணுகிறவர் என்று சந்தேகம் வந்தால் "இனி இங்கே வராதீர்கள்" என்றார்கள். ஏமாற்றியவரை அல்ல; எண்ணியவரை!

ஒரு பை, பத்துக் கொட்டை

தோர்ப்பின் கணக்கு உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரிய வேண்டுமா? வகுப்பில் நான் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. காசு செலவில்லை.

ஒரு துணிப்பையில் 5 புளியங்கொட்டையும் 5 மொச்சைக்கொட்டையும் போடுங்கள். பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுங்கள். எடுத்ததைத் திரும்பப் போடக் கூடாது. முதல் மூன்றும் புளியங்கொட்டை என்று வைத்துக்கொள்வோம். இப்போது பையில் என்ன இருக்கிறது? 2 புளியங்கொட்டை, 5 மொச்சை. ஆக, அடுத்து மொச்சை வர 7-இல் 5 வாய்ப்பு! நான்கு பேர் சேர்ந்து ஆடினால், எண்ணியவர்தான் அதிகம் ஜெயிப்பார்.

இனி இரண்டாவது முறை. ஒவ்வொரு தடவையும் எடுத்ததைத் திரும்பப் பையில் போட்டுக் குலுக்குங்கள். மூன்று முறை தொடர்ந்து புளியங்கொட்டை வந்தாலும், பையில் இருப்பது என்னவோ அதே 5-ம் 5-ம்தான். அடுத்து மொச்சை வர 10-இல் 5 வாய்ப்பு, அதாவது சரிபாதி. எவ்வளவு எண்ணினாலும் பயன் இல்லை.

முதல் பைக்கு நினைவு உண்டு. இரண்டாவது பைக்கு நினைவு கிடையாது. தோர்ப்பின் சீட்டுக்கட்டு முதல் பை மாதிரி. அதனால்தான் அவரால் எண்ண முடிந்தது.

தாயக்கட்டைக்கு ஞாபகம் உண்டா?

பாட்டியோடு திண்ணையில் தாயம் ஆடியிருப்பீர்கள். இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெறுமை, 1, 2, 3. உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் ஒரு கட்டையில் 1-ம் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். அப்படி விழ இரண்டே வழிகள். ஆகவே தாயம் விழ 16-இல் 2; அதாவது 8-இல் 1 வாய்ப்பு.

"பத்துத் தடவை தாயம் விழல. இந்தத் தடவை கட்டாயம் விழும்!" என்று சொல்வோம் இல்லையா? விழலாம், விழாமலும் போகலாம். வாய்ப்பு அதே 8-இல் 1-தான். பத்துத் தடவை உருண்டது கட்டைக்குத் தெரியாது. அது இரண்டாவது பை மாதிரி!

இது வெறும் விளையாட்டுக் கணக்கு அல்ல, குழந்தைகளே. எங்கள் தெருவில் ஒரு தந்தை இருந்தார். நல்ல உழைப்பாளி. கைப்பேசியில் பணம் கட்டிச் சூதாடத் தொடங்கினார். முதலில் நூறு ரூபாய், பிறகு ஆயிரம். "இவ்வளவு விட்டாச்சு சார், அடுத்தது எனக்குத்தான்" என்று என்னிடமே சொன்னார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்த பணமும் போனது. அந்தப் பெண் என்னிடம் படித்தவள். ஓர் ஆண்டு வீட்டிலேயே இருந்து, மறு ஆண்டுதான் கல்லூரிக்குப் போனாள்.

அந்தத் தந்தை முட்டாள் அல்லர். அவர் செய்தது ஒரே ஒரு தவறு. நினைவில்லாத பைக்கு நினைவு இருப்பதாக நம்பினார். தோற்ற பணம் 'அடுத்த முறை தந்துவிடுகிறேன்' என்று யாருக்கும் கடன்பட்டிருப்பதில்லை! இப்படிப் பல குடும்பங்கள் துன்பப்பட்ட பிறகு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

"தோர்ப் மட்டும் ஜெயித்தாரே?" என்று கேட்பீர்கள். அவர் அதிர்ஷ்டத்தை நம்பவில்லை. கணக்குச் சாதகமாக இருந்தபோது மட்டும் பெரிய தொகை வைத்தார். மற்ற நேரத்தில் குறைத்தார். அவ்வளவு கணக்குப் போட்டும் கிடைத்தது சிறு லாபம்தான். விடுதிகளும் விழித்துக்கொண்டன. எண்ணத் தெரியாத மற்றவர்கள் எல்லோரும் அதே மேசைகளில் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். விடுதிகளின் வருமானமே அதுதான்!

தான்றி மரத்தடியில்

நம் நாட்டுக் கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. மகாபாரதத்தில் வரும் நள மன்னன், சூதாடி நாட்டையே இழந்தான். பிறகு ருதுபர்ணன் என்ற மன்னனுக்குத் தேர் ஓட்டினான். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த ருதுபர்ணன், அதன் இலை எத்தனை, காய் எத்தனை என்று சட்டென்று சொன்னான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்தது! குதிரை செலுத்தும் வித்தையை அவனுக்குக் கொடுத்து, எண்ணும் வித்தையையும் சூதாட்டத்தின் நுட்பத்தையும் அவனிடமிருந்து நளன் கற்றான் என்கிறது கதை. அக்காலத்தில் தான்றிக் கொட்டைகளைத்தான் சூதாட்டக் காய்களாகப் பயன்படுத்தினார்கள் என்பது இன்னொரு சுவையான செய்தி. கணக்கு அறியாதபோது இழந்த நாட்டை, கணக்கு அறிந்தபின் மீட்டான் நளன்.

சிதம்பரம் வந்தாச்சு!

பரங்கிப்பேட்டை, கிள்ளை எல்லாம் தாண்டிச் சிதம்பரம் நெருங்கியது. "போனது எத்தனை, மீதி எத்தனை என்று கணக்குப் போட்ட ஒரு மேதை இந்த ஊரிலும் இருந்தார், தெரியுமா?" என்று பேரப்பிள்ளைகளிடம் கேட்டேன்.

அவர் எஸ்.எஸ். பிள்ளை. குற்றாலம் அருகே வல்லத்தில் 1901-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயையும், பள்ளிப் பருவத்தில் தந்தையையும் இழந்தவர். 1929 முதல் 1941 வரை இங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தார். எந்த எண்ணையும் 1, 64, 729 போன்ற ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத அதிகபட்சம் 73 எண்கள் போதும் என்று 1940-இல் நிரூபித்தார். 703-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 729-ஐ அதில் சேர்க்க முடியாது. 64 பத்து முறை போனால் 640, மீதி 63. அதற்கு 63 ஒன்றுகள். ஆக 10-ம் 63-ம் சேர்ந்து 73! ஐ.பி.எம். கம்ப்யூட்டர் எதுவும் அவரிடம் இல்லை. காகிதமும் பேனாவும் பொறுமையும்தான்.

ரயில் நின்றது. சீட்டுகளைப் பெட்டியில் போடும்முன் என் பேத்தி ஒவ்வொன்றாக எண்ணினாள். "51-தான் இருக்கு தாத்தா!" என்றாள். தேடினோம். இருக்கைக்கு அடியில் கிடந்தது, அவள் சொன்ன அந்த மீதி ஒரே ஓர் இஸ்பேட்! எண்ணியதால் அதுவும் கிடைத்தது.

சரி, உங்களுக்கு ஒரு கேள்வி. பையில் 6 புளியங்கொட்டை, 4 மொச்சை. திரும்பப் போடாமல் நான்கு எடுத்துவிட்டோம். அதில் 3 புளியங்கொட்டை, 1 மொச்சை. அடுத்து எது வர வாய்ப்பு அதிகம்?

விடையைக் கீழே தேடாதீர்கள். துணிப்பையை எடுங்கள், போனதை எண்ணுங்கள், மீதி தானே தெரியும்!