இயேசுவின் மன்னிப்புப் போதனையும் அன்றாடக் கிறித்தவ வாழ்வும்

மன்னிப்பு என்பது இயேசு கிறிஸ்துவின் போதனைகளில் மைய இடம் பெறும் கருத்துகளுள் ஒன்றாகும். தமக்குத் தீங்கு செய்தவரைப் பழிதீர்க்கும் எண்ணத்தை ஒருவர் கைவிடுவதும் அவருடைய நன்மையை விரும்புவதும் இதன் அடிப்படைப் பொருள். இயேசு தம் சீடருக்குக் கற்பித்த இறைவேண்டலிலேயே இது இடம்பெறுகிறது. பரமண்டல ஜெபம் என்றும் அறியப்படும் அந்த வேண்டலைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், கடவுளிடம் மன்னிப்புக் கேட்பவர், தாமும் பிறரை மன்னிப்பதாகக் கூறுகிறார். எனவே இப்போதனை ஆலய வழிபாட்டோடு முடிந்துவிடுவதில்லை; குடும்பம், பணியிடம், அக்கம்பக்கம் ஆகிய எல்லா இடங்களிலும் கடைப்பிடிக்க வேண்டியதாகிறது. அதே வேளையில், மன்னிப்பது எது, மன்னிப்பு என்ற பெயரில் அநீதியைப் பொறுத்துப் போவது எது என்ற கேள்வியும் கிறித்தவர்களிடையே தொடர்ந்து எழுகிறது.

நற்செய்தி நூல்களில் மன்னிப்பு

மன்னிப்பைப் பற்றிய இயேசுவின் கூற்றுகள் மத்தேயு, லூக்கா ஆகிய நற்செய்தி நூல்களில் மிகுதியாகக் காணப்படுகின்றன. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

- மத்தேயு 5:23-24: காணிக்கை செலுத்த வந்தவருக்கு, தம்மீது மனத்தாங்கல் கொண்ட ஒருவர் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவரோடு ஒப்புரவாக வேண்டும்.
- மத்தேயு 6:12-15: பிறரை மன்னிப்பதும் கடவுளிடம் மன்னிப்புப் பெறுவதும் ஒன்றோடொன்று இணைந்தவை.
- மத்தேயு 18:15-17: தவறு செய்தவரிடம் அதை எடுத்துச் சொல்ல வேண்டிய முறை.
- மத்தேயு 18:21-35: மன்னிக்க மறுத்த பணியாளரின் உவமை.
- லூக்கா 17:3-4: தவறு செய்தவரைக் கண்டிக்கவும், அவர் மனம் மாறினால் மன்னிக்கவும் வேண்டும்.
- லூக்கா 23:34: சிலுவையில் தம்மை அறைந்தவர்களுக்காக இயேசு செய்த வேண்டல்.

முதலில் குறிப்பிட்ட பகுதியில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இயேசுவின் காலத்தில் யூதர்கள் பலி செலுத்திய கோவில் எருசலேமில் இருந்தது. கலிலேயாவிலிருந்து அங்கே செல்ல நூறு கிலோமீட்டருக்கும் மேலாக நடக்க வேண்டும். அவ்வளவு தொலைவு வந்தவரையும், பாதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி உறவைச் சரிசெய்து வரும்படி இயேசு சொல்கிறார். மேலும், இங்கே புறப்பட்டுப் போக வேண்டியவர் காயப்பட்டவர் அல்லர். பிறருக்கு மனத்தாங்கல் ஏற்படுத்தியவரே ஆவார். மன்னிப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரின் கடமையைப் பற்றியதாகவே அமைந்துவிடுவதால், இது நினைவில் கொள்ளத்தக்கது.

கடன் என்னும் உருவகம்

இறைவேண்டலின் இப்பகுதியை மத்தேயு நற்செய்தி 'கடன்கள்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லால் குறிக்கிறது; லூக்கா நற்செய்தி 'பாவங்கள்' என்கிறது. இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கியது. தமிழிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். சீர்திருத்தச் சபையினருள் சிலர் 'கடன்கள்' என்றும், கத்தோலிக்கர் 'குற்றங்கள்' என்றும் சொல்லி வேண்டுகின்றனர்.

இந்தக் கடன் உருவகத்தையே மத்தேயு 18 ஆம் அதிகாரத்து உவமை விரித்துரைக்கிறது. ஒரு பணியாளர் தம் அரசருக்கு 10,000 தாலந்து கடன்பட்டிருந்தார். அரசர் இரங்கி அதைத் தள்ளுபடி செய்தார். வெளியே வந்த அதே பணியாளர், தமக்கு 100 தெனாரியம் தர வேண்டிய உடன்பணியாளரின் கழுத்தைப் பிடித்து நெரித்து, அவரைச் சிறையில் அடைத்தார்.

ஒரு தெனாரியம் என்பது கூலியாளின் ஒரு நாள் ஊதியம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். எனவே முதல் கடன் சுமார் 6 கோடி நாள் கூலிக்குச் சமம். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு தரும் கணக்கின்படி, கலிலேயா, பெரேயா ஆகிய பகுதிகளிலிருந்து ஏரோது அந்திப்பாவுக்குக் கிடைத்த ஆண்டு வருவாய் 200 தாலந்து. அந்தப் பணியாளரின் கடன் இவ்வருவாயைப் போல 50 மடங்கு. எந்தத் தனிமனிதராலும் அடைக்க முடியாத தொகை அது.

இரண்டாவது கடன் அதனோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆனால் அற்பமானது அன்று. 100 தெனாரியம் என்பது ஓர் உழைப்பாளியின் ஏறத்தாழ நான்கு மாத வருமானம். அதாவது, பிறர் நமக்குச் செய்த தீங்கு ஒன்றுமில்லாதது என்று இவ்வுவமை சொல்லவில்லை. கடன் உண்மையானது, அதை இழப்பவருக்கு வலிக்கும். அதை ஒப்புக்கொண்ட பிறகும், தாம் பெற்ற பெரிய இரக்கத்தை நினைத்து இரங்க வேண்டும் என்பதே இங்கே சொல்லப்படும் பாடம்.

மன்னிப்பு எது, எது அன்று

மேற்கண்ட உருவகத்திலிருந்து சில வேறுபாடுகள் தெளிவாகின்றன.

- மன்னிப்பு மறதி அன்று. நினைவை அழிப்பது ஒருவரது விருப்பத்தைப் பொறுத்ததன்று. நினைவு வரும்போது பழிவாங்க மறுப்பது விருப்பத்தைப் பொறுத்தது.
- மன்னிப்பு தீமையை நியாயப்படுத்துவது அன்று. தவறே நடக்கவில்லை என்றால் மன்னிக்கவும் ஒன்றுமில்லை.
- மன்னிப்பும் ஒப்புரவும் ஒன்றல்ல. மன்னிக்க ஒருவர் போதும். முறிந்த உறவு மீண்டும் ஒட்டுவதற்கு இருவரும் வேண்டும். தவறு செய்தவரின் மனமாற்றமும் வேண்டும்.
- மன்னிப்பு ஈடு செய்யும் கடமையை நீக்குவதில்லை. லூக்கா 19 ஆம் அதிகாரத்தில் வரும் வரிதண்டுவோர் தலைவரான சக்கேயு, தம் சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்ன பிறகே, அவரது வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவிக்கிறார்.

செருமானிய இறையியலாளர் தீத்ரிக் போன்ஹோஃபர் 1937 இல் வெளியிட்ட சீடத்துவம் பற்றிய நூலில், மனமாற்றத்தைக் கேட்காமல் வழங்கப்படும் மன்னிப்பை 'மலிவான அருள்' என்று குறிப்பிட்டு விமர்சித்தார்.

ஒப்புரவுக்கான படிகள்

ஒரு சகோதரர் தவறு செய்தால் என்ன செய்வது என்பதற்கு மத்தேயு 18:15-17 வரிசையான படிகளைத் தருகிறது. முதலில் அவரைத் தனியே சந்தித்துப் பேச வேண்டும். அவர் கேளாவிட்டால் ஒருவரையோ இருவரையோ சாட்சியாக அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால் சபையிடம் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. தவறு செய்தவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் செய்தி முதலில் போய்ச் சேர்கிறது. அவருக்குக் கடைசியில்தான் தெரிய வருகிறது. புறங்கூறுதலுக்கு இடம் தராமல் நேரில் பேசுவதே இப்பகுதியின் முதல் படி.

திருச்சபை மரபுகளில்

பல்வேறு திருச்சபைகள் இப்போதனையை வழிபாட்டுச் செயல்களாகவும் அமைத்துள்ளன.

கத்தோலிக்கத் திருச்சபையின் ஒப்புரவு அருளடையாளத்தில் மனத்துயர் கொள்ளுதல், பாவங்களை அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல் ஆகிய மூன்றும் மன்னிப்புப் பெறுபவர் செய்ய வேண்டியவை. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது போன்ற ஈடு செய்தலும் இதில் வலியுறுத்தப்படுகிறது. திருப்பலியில் நற்கருணை பெறுவதற்கு முன் மக்கள் ஒருவருக்கொருவர் அமைதியை வாழ்த்திக்கொள்கின்றனர். 1947 இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் நற்கருணை வழிபாட்டிலும் கைகளால் சமாதானம் வழங்கிக்கொள்ளும் முறை உண்டு.

கிழக்கு மரபுவழித் திருச்சபைகளில் பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தைய நாள் 'மன்னிப்பு ஞாயிறு' எனப்படுகிறது. அன்று மாலை வழிபாட்டில் குருக்களும் மக்களும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கின்றனர். கேரளத்தின் சிரியக் கிறித்தவர்களிடையேயும் நோன்பின் முதல் திங்களன்று 'சுப்கோனோ' என்னும் ஒப்புரவு வழிபாடு நடைபெறுகிறது.

வரலாற்றில் சில நிகழ்வுகள்

தீர்க் வில்லெம்ஸ்: நெதர்லாந்தில் மறுதிருமுழுக்கு இயக்கத்தைச் சார்ந்ததற்காகச் சிறைப்பட்டவர். அவர் தப்பியோடியபோது, துரத்தி வந்த காவலர் உறைபனி உடைந்து நீரில் விழுந்தார். வில்லெம்ஸ் திரும்பி வந்து அவரைக் காப்பாற்றினார். அதனால் மீண்டும் பிடிபட்டு, 1569 இல் எரித்துக் கொல்லப்பட்டார்.

இரண்டாம் யோவான் பவுல்: 1981 மே 13 அன்று வத்திக்கானில் துப்பாக்கியால் சுடப்பட்ட திருத்தந்தை, சில நாள்களிலேயே தம்மைச் சுட்ட மெஹ்மெத் அலி ஆக்சாவை மன்னிப்பதாக அறிவித்தார். 1983 டிசம்பர் 27 அன்று சிறைக்குச் சென்று அவரைச் சந்தித்தார். ஆயினும் ஆக்சா 2000 ஆம் ஆண்டு வரை இத்தாலியச் சிறையில் இருந்தார்.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ்: ஒடிசாவில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய ஆஸ்திரேலியரான கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு மகன்களும் 1999 சனவரியில் மனோகர்பூர் கிராமத்தில் உயிரோடு எரித்துக் கொல்லப்பட்டனர். அவருடைய மனைவி கிளாடிஸ், கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்து, தொழுநோயாளருக்கான பணியைத் தொடர்ந்தார். நீதிமன்ற வழக்கும் தொடர்ந்து நடந்தது. முதன்மைக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2011 இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

நிக்கல் மைன்ஸ்: 2006 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆமிஷ் பள்ளி ஒன்றில் ஒருவர் பத்துச் சிறுமிகளைச் சுட்டார், அவர்களுள் ஐவர் இறந்தனர். அவர் தம்மையும் சுட்டுக்கொண்டு மடிந்தார். ஆமிஷ் மக்கள் அவருடைய குடும்பத்தாரைத் தேடிச் சென்று ஆறுதல் கூறினர். அவருடைய அடக்கத்திலும் கலந்துகொண்டனர்.

தவறான பயன்பாடு

மன்னிப்புப் போதனை சில வேளைகளில் பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்கும் கருவியாகப் பயன்படுகிறது. கணவனிடம் அடிபடும் பெண்ணிடம் "பொறுத்துப் போ, மன்னித்துவிடு" என்று சொல்லித் திருப்பியனுப்புவதும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைச் சபையின் பெயர் கெடக்கூடாது என்று மூடி மறைப்பதும் இத்தகையவை. இயேசுவின் போதனையில் இதற்கு ஆதாரம் இல்லை. சிறியவர்களை இடறச் செய்பவருக்கு எதிரான அவருடைய மிகக் கடுமையான எச்சரிக்கை, மன்னிப்பைப் பற்றிய அதே மத்தேயு 18 ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில்தான் உள்ளது.

2019 இல் திருத்தந்தை பிரான்சிசு வெளியிட்ட ஆணை, இத்தகைய முறைகேடுகளைத் திருச்சபை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதைக் குருக்களுக்கும் துறவியருக்கும் கடமையாக்கியது. இந்தியாவில் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குடும்ப வன்முறைக்கு உள்ளாகும் பெண்கள் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புப் பெறலாம். புகார் அளிப்பதும் பாதுகாப்பான இடத்துக்கு விலகிச் செல்வதும் மன்னிப்புக்கு முரணானவை அல்ல. தீங்கு தொடராமல் தடுப்பது, தீங்கு செய்பவருக்கும் நன்மையே.

அன்றாட வாழ்வில்

பெரும்பாலோர் வாழ்வில் மன்னிப்புக்கான வாய்ப்பு சிறிய நிகழ்வுகளிலேயே வருகிறது.

- பாகப்பிரிவினையில் மனம் கசந்து, ஒரே ஆலயத்துக்கு வந்தும் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பிகள் உண்டு. வழக்கு நிலுவையில் இருந்தாலும், ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு மற்றவர் போய் நிற்பது தொடக்கமாக அமையலாம்.
- வாங்கிய கடனைத் திருப்பித் தராத நண்பரை மன்னிக்கலாம். அவருக்கு மீண்டும் கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.
- தம் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டிக்கொண்ட சக ஊழியரிடம் அதைத் தனியே, தெளிவாகச் சொல்லலாம்; அவரது பெயரைக் கெடுக்கும் பேச்சைத் தவிர்க்கலாம்.
- கோபத்தில் காரணமின்றிக் கடிந்துகொண்ட பெற்றோர், பிள்ளையிடமே மன்னிப்புக் கேட்கலாம். மன்னிப்பது எப்படி என்பதைப் பிள்ளைகள் முதலில் கற்கும் இடம் வீடுதான்.

எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறையா என்று பேதுரு கேட்டபோது, எண்ணிக் கணக்கு வைக்க முடியாத ஒரு தொகையை இயேசு விடையாகச் சொன்னார். அது வெவ்வேறு தவறுகளுக்கு மட்டும் பொருந்துவதன்று. ஒரே தவறின் நினைவு பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வரும். வரும்போதெல்லாம் அதே முடிவை மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும்.